கிட்னி பயாப்ஸி: ஊசிக்கு முன்னும் பின்னும்

"பயாப்ஸி எடுத்துப் பார்த்துடலாம்" என்று சிறுநீரக மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் கிளம்பும். அப்படின்னா கேன்சரா? சதையை எடுத்தா இருக்கிற கிட்னியும் கெட்டுப்போயிடாதா? பெரும்பாலும் இரண்டுக்குமே பதில் 'இல்லை'. பயாப்ஸி என்பது ஊசியால் துளித் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஆராய்வது. கட்டி இருக்கும்போது எடுக்கிற பயாப்ஸி வேறு விஷயம். இங்கே பேசுவது, சிறுநீரில் புரதமோ இரத்தமோ போகும்போதும், காரணம் தெரியாமல் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரத்தத்தில் ஏறும்போதும் எடுப்பதைப் பற்றி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் குளோமெருலஸ்கள் இருக்கின்றன. குளோமெருலஸ் என்பது இரத்தத்தை வடிகட்டுகிற, தந்துகிகள் சுருண்டு உருவான நுண்முடிச்சு. அதன் குறுக்களவு சுமார் 0.2 மி.மீ. பயாப்ஸியில் வெளியே வருவது அவற்றில் இருபதோ முப்பதோ. அந்த இழப்பு எந்த இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

இப்படிச் சொல்வதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. பயம்தான் தவறான இடத்தில் போய் நிற்கிறது. எல்லோரும் ஊசியை நினைத்து நடுங்குகிறார்கள்; ஊசி திசுவை அறுத்து எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. காரியம் கெடுவதற்குப் பல நேரம் காரணம் வேறாக இருக்கும்: முந்தைய வாரம் நிறுத்தாமல் விட்ட மாத்திரை, அன்று காலை இறங்காத பி.பி., எடுத்த திசு போய்ச் சேர்ந்த தவறான பாட்டில், வீட்டுக்குப் போன மறுநாள் தூக்கிய தண்ணீர்க் குடம்.

முதலில், இது எதற்கு? இரத்தம், சிறுநீர், ஸ்கேன் மூன்றும் சிறுநீரகத்தில் நோய் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். என்ன நோய் என்பதைப் பல நேரம் சொல்லாது. முகமும் காலும் வீங்கி, ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போகிற ஒரு பெரியவருக்கு மினிமல் சேஞ்ச், மெம்ப்ரேனஸ், எஃப்எஸ்ஜிஎஸ், அமிலாய்டு, லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என ஐந்து நோய்களில் எதுவும் இருக்கலாம். ஒன்றுக்கு ஸ்டீராய்டு சில வாரங்களிலேயே வேலை செய்யும். இன்னொன்றுக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது வீண், பக்கவிளைவுதான் மிச்சம். லூபஸ் நோயாளிக்குப் புரதம் நாளுக்கு 500 மி.கி.யைத் தாண்டினாலே பெரும்பாலும் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறி, சிறுநீரில் சிவப்பணுக்களும் போனால் அது அவசரம். வாரக் கணக்கில் தள்ளிப்போட்டால் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.

சிறு பிள்ளைகளின் கதை வேறு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு வீக்கமும் புரதமும் வந்தால், பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் வகையாகவே இருக்கும். அதனால் முதலில் மருந்து, அது கேட்காவிட்டால்தான் பயாப்ஸி. நீண்ட கால சர்க்கரை நோயாளிக்கும் வழக்கமாகத் தேவைப்படாது. ஆனால் கண்ணின் விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பே இல்லை, புரதம் திடீரென்று எகிறியிருக்கிறது, சிறுநீரில் இரத்த அணுக்கள் இருக்கின்றன என்றால், 'எல்லாம் சுகர்தான்' என்று விட்டுவிடுவது சோம்பேறித்தனம். மெம்ப்ரேனஸ் நோயில் 2009இல் கண்டறியப்பட்ட, பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் நிலைமையை ஓரளவு மாற்றிவிட்டது. நெஃப்ராடிக் பாதிப்பு (அதிகப் புரத இழப்பும் வீக்கமும்) உள்ளவருக்கு அந்த இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்து, சிறுநீரகமும் சரியாக இயங்கினால் பயாப்ஸி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2021 வழிகாட்டி சொல்கிறது.

எடுக்கக் கூடாத இடமும் உண்டு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் 9 செ.மீ.க்குக் கீழே சுருங்கி வெளிறிப்போயிருந்தால், உள்ளே கிடைப்பது தழும்பு மட்டுமே. சிகிச்சை மாறப்போவதில்லை, இரத்தக்கசிவு அபாயம் மட்டும் கூடும். சிறுநீர்ப் பாதையில் அடைப்பு, கிருமித் தொற்று, குத்த வேண்டிய இடத்துத் தோலில் புண், கட்டுக்கு வராத பி.பி., இரத்தம் உறைவதில் கோளாறு இவையெல்லாம் நிறுத்திவைக்கக் காரணங்கள். விடாமல் இருமுகிறவரைக்கூட இருமல் அடங்கிய பிறகுதான் படுக்க வைக்க வேண்டும்.

தயாரிப்பில் மிக முக்கியமானது பி.பி. 140/90க்குக் கீழே இருப்பது நல்லது. இங்கே அடிக்கடி நடக்கிற ஒரு கூத்து: "வெறும் வயிற்றில் வாங்க" என்று சொன்னதை நம்பி, நோயாளி காலை பி.பி. மாத்திரையையும் விழுங்காமல் வந்துவிடுவார். மேசையில் ஏற்றிப் பார்த்தால் 180/100. அன்றைய பயாப்ஸி ரத்து. பி.பி. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். சர்க்கரைக்கான மாத்திரையும் இன்சுலினும் இதற்கு நேர் எதிர். சாப்பிடாமல் அவற்றை எடுத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இரண்டையும் முந்தின நாளே தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது இரத்தத்தை இளக்கும் மருந்துகள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவார்கள், வார்ஃபரினை சுமார் 5 நாள் முன்பு. "ஆஸ்பிரின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், பொய் சொல்வதற்காக அல்ல. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடினுடன் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்த ஒரே கேப்சூல் கடையில் கிடைக்கிறது; அவர்களைப் பொறுத்தவரை அது 'ஹார்ட் மாத்திரை' அல்லது 'கொழுப்பு மாத்திரை'. ஆகவே பெயர் சொல்வதைவிட, சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவதே மேல். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், நாட்டு மருந்துப் பொடி, சூரணம், முகத்துக்குப் பூசும் கிரீம் உட்பட. கிரீம் எதற்கு என்பது பின்னால் வரும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. அது இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு.

இரத்தத்தில் பார்ப்பது: ஹீமோகுளோபின், பிளேட்லெட் (1 லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி), இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பி.டி.-ஐஎன்ஆர் (1.5க்குக் கீழே), ஏபிடிடி, பிறகு இரத்த வகை. சிறுநீரில் கிருமி இல்லை என்பதற்கு கல்ச்சர். யூரியா மிக ஏறியிருப்பவரிடம் ஒரு சிக்கல் உண்டு: பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் ஒட்டும் திறன் குறைந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு சில இடங்களில் இரத்தக்கசிவைக் குறைக்க டெஸ்மோப்ரெசின் கொடுப்பார்கள், எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம். அந்த மருந்து உடலில் நீரைத் தேக்கி சோடியத்தைக் குறைக்கும். எனவே எல்லோருக்கும் சொல்வதுபோல் அவரிடமும் "நிறைய தண்ணி குடிங்க" என்று வார்டில் சொல்லிவிடக் கூடாது. டயாலிசிஸ் தேவைப்பட்டால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இல்லாமல் செய்துவிட்டு அழைத்து வருவார்கள்.

இனி மேசைக்கு. குப்புறப் படுக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் சுருட்டிய துணியோ தலையணையோ வைப்பார்கள், சிறுநீரகம் முதுகுப் பக்கம் தள்ளி நிற்பதற்காக. இந்தக் குப்புறப் படுக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1951இல் கோபன்ஹேகனின் இவர்சனும் புருனும் ஊசிவழி சிறுநீரக பயாப்ஸியை விவரித்தபோது நோயாளியை உட்கார வைத்தே குத்தினார்கள். பல முறை திசு கிடைக்கவில்லை. 1954இல் சிகாகோவில் கார்க்கும் முர்க்கேயும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, ஊசியையும் மாற்றினார்கள். வெற்றி 96 சதவீதத்துக்குப் போனது. அப்போது ஸ்கேன் கிடையாது. இன்று அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசியின் முனையைப் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள்.

பெரும்பாலும் இடது சிறுநீரகத்தின் கீழ்முனையைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய இரத்தக்குழாய்கள் சிறுநீரகத்தின் நடுப்பகுதி வழியாகத்தான் நுழைகின்றன. கீழ்முனை அவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. குளோமெருலஸ்கள் இருப்பது சிறுநீரகத்தின் வெளி அடுக்கான கார்ட்டெக்ஸில் மட்டுமே. உள் அடுக்கான மெடுல்லாவில் ஒன்றுகூட இருக்காது. ஊசியை நேராக ஆழமாக இறக்கினால் இரண்டு விதத்தில் நஷ்டம்: கிடைப்பது மெடுல்லா, குத்துப்படுவது இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஓடுகிற வளைவுத் தமனிகள். அதனால் கைதேர்ந்தவர்கள் கார்ட்டெக்ஸை ஒட்டிச் சாய்வாக ஊசியைச் செலுத்துவார்கள். பயாப்ஸி செய்பவரின் கைத்திறன் முழுக்க இந்தச் சாய்வில் இருக்கிறது.

தோலில் தொடங்கி சிறுநீரகத்தின் மேலுறை வரை லிக்னோகெய்ன் மரப்பூசி போடுவார்கள். வலி நரம்புகள் மேலுறையில்தான் அதிகம். அங்கே மருந்து எட்டாவிட்டால் நோயாளி துள்ளுவார். தோலில் இரண்டு மூன்று மி.மீ. கீறல். பிறகு "மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்க" என்பார்கள். மூச்சோடு சேர்ந்து சிறுநீரகம் மேலும் கீழும் சில செ.மீ. நகரும், ஊசிமுனை உள்ளே இருக்கும்போது மூச்சு விட்டால் சிறுநீரகம் கிழிபடும். இதை மேசையில் ஏறிய பிறகு கற்றுத் தருவதில் அர்த்தமில்லை, முந்தின நாள் வார்டிலேயே நான்கைந்து முறை பழக வேண்டும். அடுத்தது 'டப்' என்ற சத்தம். ஸ்பிரிங் துப்பாக்கியின் சத்தம் அது, முன்கூட்டியே சொல்லாவிட்டால் திடுக்கிட வைக்கும். ஒரு முறை இயக்கிக் காட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஊசியின் அளவு கேஜ் எண்ணில் சொல்லப்படும்; எண் கூடினால் ஊசி மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 14 கேஜ் 2.1 மி.மீ. மெல்லிய ஊசி பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் 18 கேஜில் வரும் இழை ஒடிசலானது, ஓரத்துக் குளோமெருலஸ்கள் அறுபட்டுப்போகும், போதுமான எண்ணிக்கை சேர இன்னும் இரண்டு முறை குத்த நேரும். பெரியவர்களுக்கு 16 கேஜ் பல மையங்களில் வழக்கமாக இருப்பது இதனால்தான். வெளியே வருகிற திசு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. நீளத்தில், வேகாத சேமியா இழை அளவுதான் இருக்கும். பொதுவாக இரண்டு இழைகள் எடுப்பார்கள்.

இருபது குளோமெருலஸ் எதற்கு, ஐந்து போதாதா? எஃப்எஸ்ஜிஎஸ் போன்ற நோய் எல்லா முடிச்சுகளையும் தாக்குவதில்லை. பத்தில் ஒன்றை மட்டும் தாக்கியிருக்கிறது என்று வையுங்கள். இழையில் 10 குளோமெருலஸ்தான் கிடைத்தது என்றால், நோயுற்ற ஒன்றுகூட அதில் இல்லாமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு. 25 கிடைத்தால் அந்த வாய்ப்பு 7 சதவீதம். ஐஜிஏ நோயை (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குளோமெருலஸில் படியும் நோய்) தரம் பிரிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு முறைக்குக் குறைந்தது 8 வேண்டும். மாற்று சிறுநீரகத்துக்கான பான்ஃப் முறை 10 குளோமெருலஸும் இரண்டு தமனிகளும் கேட்கிறது. அறிக்கையில் "5 குளோமெருலஸ், நோய்க்குறி எதுவும் இல்லை" என்று இருந்தால், அதை 'நோய் இல்லை' என்று படிக்கக் கூடாது.

இதற்கப்புறம் நடப்பதை நோயாளி பார்ப்பதே இல்லை. ஒரே இழையை மூன்று விதமாக ஆராய வேண்டும், மூன்றுக்கும் வெவ்வேறு பாட்டில். சாதாரண மைக்ராஸ்கோப்புக்குப் போவது ஃபார்மலினில். திசுவில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசென்ஸுக்கு மிஷெல் திரவம், அல்லது ஆய்வகம் பக்கத்திலேயே இருந்தால் சலைனில் நனைத்த துணி. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு குளூட்டரால்டிஹைடு. மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் குளோமெருலஸ்கள் சிவந்த புள்ளிகளாகத் தெரியும்; எது கார்ட்டெக்ஸ், எது மெடுல்லா என்று பார்த்துப் பிரிக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் பழைய முறை ஒன்று கைகொடுக்கும்: இழையின் இரு முனையிலிருந்தும் 1 மி.மீ. வெட்டி எலக்ட்ரானுக்கு, அடுத்த 2 மி.மீ. இம்யூனோவுக்கு, நடுப்பகுதி ஃபார்மலினுக்கு. எந்த முனையில் கார்ட்டெக்ஸ் இருந்தாலும் மூன்று பாட்டிலுக்கும் கொஞ்சமாவது போய்ச் சேரும்.

தவறுகள் இங்கேதான் குவிகின்றன. இம்யூனோவுக்கான துண்டு ஃபார்மலினில் விழுந்தால் வழக்கமான சோதனை செய்ய முடியாது. நொதி கொண்டு மீட்கும் வழி உண்டு, எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. காய்ந்த பஞ்சில் வைத்தால் திசு ஒட்டி உலர்ந்துவிடும். ஃபோர்செப்ஸால் அழுத்திப் பிடித்தால் செல்கள் நசுங்கி, மைக்ராஸ்கோப்பில் அந்த இடம் வெறும் நீலக் கறையாகத் தெரியும். சலைனை மெல்லப் பீய்ச்சி ஊசியிலிருந்து இறக்குவதே சரி. ஃபார்மலின் தொட்ட பிளேடால் மற்ற துண்டுகளை வெட்டுவதும் இதே வரிசைத் தவறு. வெளியூரில் எடுத்த திசு கூரியரில் சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டும் என்றால் சலைன் கூடாது. மிஷெல் திரவம்தான் சில நாள் தாங்கும். ஐஜிஏ நோயை 1968இல் பாரிஸில் பெர்ஜேயும் அங்க்லேயும் கண்டறிந்ததே இம்யூனோஃப்ளோரசென்ஸால். அந்தப் பாட்டில் கெட்டால் ஐஜிஏவை உறுதியாகச் சொல்ல வழியில்லை. மினிமல் சேஞ்சில் சாதாரண மைக்ராஸ்கோப்பில் எல்லாம் நன்றாகவே தெரியும், எலக்ட்ரானில்தான் செல்களின் கால்கள் கரைந்து கிடப்பது புலப்படும்.

வார்டுக்கு வந்ததும் மல்லாந்து அசையாமல் 6 மணி நேரம், பிறகு மறுநாள் வரை படுக்கை. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பி.பி.யும் நாடித்துடிப்பும், அதன்பின் இடைவெளி கூடும். ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் தனித்தனி பாட்டிலில் நேரம் எழுதி வரிசையாக வைத்தால், நிறம் தெளிகிறதா கருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். படுத்தபடி சிறுநீர் கழிக்கப் பல ஆண்களுக்கு வராது. மூச்சுப்பிடித்து முக்குவார்கள், அல்லது யாரும் பார்க்காதபோது எழுந்து நின்றுவிடுவார்கள். முந்தின நாளே ஒரு முறை படுத்துப் பழகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

"சாயங்காலமே வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிகாகோவில் 750 பயாப்ஸிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 8 மணி நேரத்துக்குப் பிறகே தெரியவந்தது. ஓர் இரவு தங்குவது மருத்துவமனை பில்லை ஏற்றும் தந்திரம் இல்லை.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உதவும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பயாப்ஸிகளைக் கணக்கெடுத்தது அது. சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கட்டுவது 11 சதவீதம், பெரும்பாலும் தானே கரையும். கண்ணுக்குத் தெரியும் சிவப்புச் சிறுநீர் 4 சதவீதம். இரத்தம் ஏற்ற நேர்ந்தது 1.6, கசியும் குழாயை அடைக்க வேண்டி வந்தது 0.3, மரணம் 0.06 சதவீதம். உடல்நிலை மோசமாகி ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஹீமோகுளோபின் ஒரு கிராம் இறங்குவது சாதாரணம், 2 கிராமைத் தாண்டினால் ஸ்கேன் பார்க்க வேண்டும். சிறுநீரில் கட்டி கட்டியாக இரத்தம் வந்து, பிறகு சிறுநீரே நின்றால் கட்டி அடைத்துக்கொண்டது என்று பொருள். குழாய் போட்டுக் கழுவ வேண்டும். தமனியும் சிரையும் உள்ளே தவறாக இணைந்துகொள்வதும் உண்டு, பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் இரத்தம் போய்க்கொண்டே இருந்தால் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிச் சுருளால் அந்தக் கிளையை மட்டும் அடைப்பார்கள்.

வீட்டில் இரண்டு வாரம் குடம் தூக்குவது, குழந்தையைத் தூக்குவது, மேடுபள்ளச் சாலையில் பைக், கடைசி சீட்டில் பஸ் பயணம் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்துக்கூட இரத்தம் கசியலாம். சிறுநீர் சிவந்தால், இடுப்புப் பக்கம் வலி கூடினால், எழும்போது தலை சுற்றினால் உடனே திரும்புங்கள். ஆஸ்பிரினை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்று சிறுநீரகத்தில் எடுப்பது இவ்வளவு பாடு இல்லை. அது அடிவயிற்றில் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மல்லாந்து படுத்தாலே போதும். நரம்பு அறுபட்ட உறுப்பு என்பதால் வலியும் குறைவு. ஊசிவழி எடுக்கவே முடியாத அளவுக்கு இரத்தம் உறையாதவர்களுக்குக் கழுத்துச் சிரை வழியாக உள்ளிருந்தே திசு எடுக்கும் முறை இருக்கிறது.

அறிக்கை வந்ததும் எல்லோரும் நோயின் பெயரைத் தேடுவார்கள். பெயருக்கு இணையாகப் பார்க்க வேண்டியது இரண்டு: எத்தனை குளோமெருலஸ் முழுதாகத் தழும்பேறிவிட்டன, இடைத்திசுவில் நாராகிப்போன பகுதியும் சுருங்கிய சிறுநீர் நுண்குழாய்களும் எத்தனை சதவீதம். அறிக்கையில் இதற்கு ஐஎஃப்டிஏ என்ற எழுத்துகள் இருக்கும். 25 சதவீதத்துக்குள் என்றால் லேசு, 50ஐத் தாண்டினால் கடுமை. பிறை வடிவச் செல் திரட்சியும் வீக்கமும் மருந்துக்கு அடங்கலாம், நாராகிப்போனது திரும்பாது. கடும் மருந்துகளைக் கொடுப்பதா, வேண்டாமா என்பது பல நேரம் இந்த எண்ணில்தான் முடிவாகிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளைத் தாக்கிய, காரணம் புரியாத சிறுநீரக நோயிலும் பயாப்ஸி காட்டியது இதைத்தான்: அடி விழுந்தது முதலில் குளோமெருலஸில் அல்ல, குழாய்களிலும் இடைத்திசுவிலும்.

மெழுகில் பதித்த மிச்சத் திசுவான பிளாக்கை ஆய்வகம் வைத்திருக்கும். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போவது நல்லது. புதிய சாயங்கள் வரும்போது பழைய பிளாக்கிலேயே திரும்பச் சோதிக்கலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை. 2022இல் சென்னையிலிருந்து வெளியான ஆய்வொன்று, நெல்-1 என்ற புரதம் படிந்த மெம்ப்ரேனஸ் நோயாளிகளில் பலர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்கள் என்று காட்டியது. அந்த மருந்துகளில் பாதரசம் சந்தேகத்துக்குள்ளானது. அடுத்த ஆண்டு கேரளத்தில் அதே நெல்-1 நோய் முகத்தை வெளுக்கவைக்கும் கிரீம் பூசியவர்களிடம் தென்பட்டது, கிரீம்களில் பாதரசம் இருந்தது. பயன்படுத்துவதை நிறுத்தியதும் பலருக்குப் புரதம் குறைந்தது. உங்கள் அறிக்கையில் 'மெம்ப்ரேனஸ், பிஎல்ஏ2ஆர் நெகட்டிவ்' என்று இருந்தால், அந்த பிளாக்கில் நெல்-1 சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்கும்போது பையிலிருக்கும் சூரண டப்பாவையும் கிரீமையும் மேசைமேல் எடுத்து வையுங்கள்.